வில்லெம்ஸ்டாட்டில் ஒரு பகல்: குராசோவில் இறங்கும் கப்பல் பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கரீபியன் கடலில் குரூஸ் கப்பலில் செல்பவர்களுக்கு ஒரு துறைமுகத்தில் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு மணி நேரம்தான். அதற்குள் கடற்கரை, கோட்டை, சந்தை, குகை என்று அனைத்தையும் பார்த்துவிட ஓடுபவர்கள் மாலையில் களைத்துப்போய்க் கப்பலேறுகிறார்கள். மறுநாள் கேட்டால், பார்த்த ஊரின் பெயர்கூட அவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. குராசோ தீவின் தலைநகரான வில்லெம்ஸ்டாட்டில் இப்படி ஓட வேண்டிய தேவையே இல்லை. வெனிசுலாவின் கரைக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இந்தத் தீவு, நெதர்லாந்து முடியரசுக்குள் 2010 அக்டோபர் 10 முதல் தன்னாட்சி பெற்ற நாடாக இருக்கிறது. 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அதன் பழைய நகரம், கப்பலிலிருந்து இறங்கி நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது.

நகரின் அமைப்பை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். சிந்த் அன்னா விரிகுடா என்னும் ஒடுங்கிய கால்வாய், கடலிலிருந்து உள்ளே புகுந்து ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரை புண்டா, மேற்குக் கரை ஓத்ரோபண்டா. ஓத்ரோபண்டா என்றால் அந்த ஊர் மொழியில் ‘அக்கரை’ என்றே பொருள். பெரிய கப்பல்கள் நிற்கும் இரண்டு முக்கியமான துறைகளுமே ஓத்ரோபண்டா பக்கத்தில்தான் உள்ளன: கால்வாய்க்கு வெளியே கடலோரத்தில் இருக்கும் மெகா பியர் ஒன்று, கால்வாய்க்கு உள்ளே இருக்கும் மாத்தே துறை மற்றொன்று. இரண்டு கரைகளையும் இணைக்கும் மிதவைப் பாலம் கப்பல்கள் வரும்போதெல்லாம் விலகித் திறந்துகொள்ளும். ஆகவே இந்த ஊருக்கான என் திட்டம் ஒரே விதியில் அடங்கும்: காலையில் பாலம் கடந்து புண்டாவை முடித்துவிட வேண்டும், பிற்பகலில், நேரம் நெருங்கும் முன்பே, கப்பல் நிற்கும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். கீழே உள்ள நேரக் கணக்கு, காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலுக்குப் பொருந்தும். உங்கள் கப்பலின் நேரம் வேறாக இருந்தால் அதற்கேற்பத் தள்ளிக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முன்பே முடிக்க வேண்டியவை

விசா விதிகள் பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறுபவை. கப்பலில் வந்து சில மணி நேரம் மட்டும் இறங்குபவர்களுக்கு ஒரு தீவு சலுகை தரும், இன்னொன்று தராது. கூட வருபவரிடம் அமெரிக்க பாஸ்போர்ட்டும் உங்களிடம் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டும் இருந்தால், இருவருக்கும் ஒரே விதி என்று எண்ணிவிடக் கூடாது. கப்பல் செல்லும் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். பயணம் மயாமி போன்ற அமெரிக்கத் துறைமுகத்தில் தொடங்கி அங்கேயே முடிவதாக இருந்தால், அமெரிக்க விசா ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிப்பதா, பல முறை நுழைய அனுமதிப்பதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை: எந்தக் கடிகாரம்?

கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றவர்களுக்கு மட்டும் பெரும்பாலும் காத்திருக்கும். ஆகவே இறங்குவதற்கு முன்னர் உறுதி செய்ய வேண்டிய முதல் விஷயம், கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்பதே. குராசோவின் நேரம் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு நான்கு மணி நேரம் பின்னே இருக்கும். கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் அங்கே இல்லை. மயாமியில் அந்த வழக்கம் உண்டு. அதனால் கோடையில் இரண்டு ஊர்களின் நேரமும் ஒன்றாக இருக்கும். குளிர்காலத்தில் குராசோ ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். சில கப்பல்கள் தீவின் நேரத்துக்கு மாறும், சில புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்திலேயே இருக்கும், ஆனால் கைப்பேசி யாரையும் கேட்காமல் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும்.

குளிர்காலக் குராசோவில் இந்தக் குழப்பத்தால் ஏற்படும் பிழை நல்ல பக்கத்துப் பிழைதான். நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நிற்பீர்கள். இதே பழக்கத்தோடு கோடையில் மெக்சிகோவின் கோசுமேலில் இறங்கினால் கதை தலைகீழாகும். அங்கே கைப்பேசி கப்பலைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிக் காட்டக்கூடும். ஆகவே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்வது நல்லது. இறங்கும் வாசலில் வைத்திருக்கும் பலகையில், எல்லோரும் கப்பலேறியிருக்க வேண்டிய நேரம் எழுதப்பட்டிருக்கும். அது கப்பல் கிளம்பும் நேரம் அல்ல. பெரும்பாலும் அரை மணி நேரம், சில கப்பல்களில் அதற்கும் மேல், முந்தைய நேரம். அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. கப்பல் அட்டை, புகைப்படமுள்ள ஓர் அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் அமெரிக்க டாலர், ஒரு வங்கி அட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில் ஆகியவை போதும். கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும். அந்தத் தாளையும் மடித்துப் பையில் வையுங்கள். அசல் பாஸ்போர்ட் கேபினில் உள்ள பெட்டகத்திலேயே இருக்கட்டும். அது கையில் இருக்க வேண்டும் என்று கப்பலிலேயே அறிவித்திருந்தால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். காலை உணவு மேசையிலிருந்து வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ பையில் போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பழம், காய்கறி, இறைச்சி ஆகியவற்றைத் தீவுக்குள் கொண்டு செல்லத் தடை இருப்பதால், இந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள். தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். மழை குறைந்த இந்தத் தீவு 1928 முதலே கடல்நீரைக் குடிநீராக்கி வருகிறது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

தீவில் டாலரை ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மீதியைச் சில சமயம் உள்ளூர்ப் பணத்தில் தருவார்கள். அந்தப் பணம் 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர். ஒரு டாலருக்கு 1.79 கில்டர் என்று மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய நெதர்லாந்து ஆன்டிலிஸ் கில்டர் நோட்டுகளை யாராவது மீதியாக நீட்டினால் வாங்காதீர்கள்.

எட்டரை மணி: பாலத்தைக் கடத்தல்

மெகா பியரில் இறங்கியவர்கள் ரிஃப் கோட்டையின் வழியாக வடகிழக்கே நடந்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிரியோன் சதுக்கத்தை அடைவார்கள். மாத்தே துறையில் இறங்கியவர்களுக்குக் கால்வாயை ஒட்டியபடி தெற்கே வரும் வழி. வாசலில் டாக்ஸிக்காரர்களும் சுற்றுலா விற்பவர்களும் சூழ்ந்துகொள்வார்கள். ‘பொன் தியா’ என்று காலை வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டு நடந்துவிடலாம். இங்கே பேசப்படும் மொழி பாப்பியமெண்டு. போர்ச்சுகீசியமும் ஸ்பானியமும் டச்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவானது. நன்றி சொல்ல ‘டங்கி’ என்ற ஒரு சொல் போதும். ஆங்கிலம் பேசத் தெரியாத கடைக்காரரை நகர மையத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சதுக்கத்தின் எதிரே இருப்பதுதான் எம்மா அரசி பாலம். 1888-இல் முதன்முதலில் கட்டப்பட்ட இது, வரிசையாகக் கட்டிய மிதவைப் படகுகளின்மேல் மரப்பலகை பரப்பிய பாலம். இன்று நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. 1974-இல் உயரமான ஜூலியானா அரசி பாலம் திறக்கப்பட்டபின் வாகனங்கள் அங்கே போய்விட்டன. பாலத்தைக் கடக்க ஒரு காலத்தில் கட்டணம் இருந்தது. செருப்பு அணிந்தவர்களுக்குக் காசு, வெறுங்காலோடு வருபவர்களுக்கு இலவசம். காசுள்ளவர்கள் செருப்பைக் கழற்றி மறைத்துக்கொண்டு இலவசமாகக் கடந்தார்கள் என்றும், ஏழைகள் மானத்துக்கு அஞ்சி இரவல் செருப்பு போட்டுக் காசு கொடுத்துக் கடந்தார்கள் என்றும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பலகையில் கால் வைத்ததும் அடியில் தண்ணீர் அசைவதை உணரலாம். காற்று பலமாக இருக்கும் நாளில் சற்றே தள்ளாடும்.

இந்தப் பாலம் திறக்கும் முறையைத் தெரிந்துகொள்வது அவசியம். பாலத்தின் ஓத்ரோபண்டா முனை கதவின் கீல்போலக் கரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. புண்டா முனையில் ஒரு சிறு அறை. அதில் இயந்திரமும் அதை இயக்குபவரும். கப்பல் வருவதாகத் தகவல் வந்ததும் மணி அடிக்கும், இரு முனைகளிலும் வாயிற்கதவுகள் மூடப்படும், இயந்திரம் உறுமும், பிறகு முழுப் பாலமும் ஒரு கதவு திறப்பதுபோல வில்லாக வளைந்து ஓத்ரோபண்டா கரையை ஒட்டிப் போய்ப் படுத்துக்கொள்ளும். மணி அடிக்கும்போது நீங்கள் பாலத்தின் நடுவில் இருந்தால் பதற வேண்டாம். அங்கேயே நின்று அதோடு பயணம் செய்யலாம், குழந்தைகளுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. கொடியைக் கவனியுங்கள். ஆரஞ்சுக் கொடி ஏற்றினால் பாலம் சிறிது நேரத்தில் மீண்டும் கரையோடு இணைந்துவிடும் என்று பொருள். நீலக் கொடி என்றால் நெடுநேரம் ஆகும். நீலக் கொடி நேரத்தில் இரு கரைகளுக்கும் இடையே இலவசப் படகு ஓடும். பாலத்திலிருந்து சற்று வடக்கே ஏறுதுறை இருக்கிறது.

நான் முதல் முறை சென்றபோது கொடியின் பொருள் எனக்குத் தெரியாது. மூன்று நாற்பதுக்குப் புண்டாவில் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தேன், நான்கரைக்குள் கப்பலேற வேண்டும், பாலம் இதோ கண்ணெதிரே இருக்கிறது என்ற தைரியம். நீலக் கொடி ஏறியது. உள்துறைமுகத்துக்குப் போகும் எண்ணெய்க் கப்பல் ஒன்று மூன்று மாடி வீடு நகர்வதுபோல மெதுவாக வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. படகுத்துறைக்கு ஓடினால் அங்கே முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எட்டு நிமிடம் மிச்சமிருக்கக் கப்பலேறினேன். காலையில் அக்கரை, மாலையில் கப்பல் கரை என்ற விதி எனக்கு அந்த வரிசையில்தான் பிறந்தது.

ஒன்பது முதல் பன்னிரண்டு: புண்டா

பாலத்தின் முடிவில், தெருமுனையில், 1708 என்று முகப்பில் பொறித்த மஞ்சள் கட்டடம் உங்களை வரவேற்கும். அதன் வரிசையில் கால்வாயைப் பார்த்து நிற்கும் வண்ணக் கட்டடங்கள்தான் ஹாண்டெல்ஸ்காடே. ஆம்ஸ்டர்டாமின் வளைவான முகடுகளோடு, ஆம்ஸ்டர்டாம் கனவிலும் காணாத நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் இவை இருக்கும். வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுக் கூசித் தனக்குத் தலைவலி வருகிறது என்று 1817-இல் ஆளுநர் ஆல்பர்ட் கிக்கெர்ட் வெள்ளைப் பூச்சைத் தடை செய்தார் என்பது ஊர் வழக்கு. அவருக்கு ஒரு பெயின்ட் கடையில் பங்கு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். படம் எடுக்க இப்போது அவசரப்படாதீர்கள். இந்த முகப்புகள் மேற்கைப் பார்த்தவை. காலையில் அவற்றின்மேல் நிழல்தான் இருக்கும்.

முதலில் ஆம்ஸ்டர்டாம் கோட்டைக்குப் போங்கள். 1634-இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி ஸ்பானியரிடமிருந்து தீவைக் கைப்பற்றிய மறு ஆண்டு தொடங்கிய கோட்டை. இன்று ஆளுநரின் மாளிகையும் அரசு அலுவலகங்களும் அதற்குள் இருக்கின்றன. முற்றத்தில் இருக்கும் மஞ்சள் தேவாலயத்தின் சுவரில், 1804-இல் ஆங்கிலேயக் கப்பற்படை சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று இன்னும் புதைந்திருக்கிறது. உள்ளே நுழையாமல் வெளிச்சுவரில் தேடினாலே கிடைக்கும்; அரைமணி நேரத்துக்கு மேல் இங்கே தேவையில்லை.

அடுத்து, ஐந்து நிமிட நடையில் மிக்வே இஸ்ரேல்-இம்மானுவேல் யூத ஆலயம். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தச் சபை 1651-இல் உருவானது. இன்றைய கட்டடம் 1732-இல் எழுந்தது. அமெரிக்கக் கண்டங்களில் இடைவிடாமல் வழிபாடு நடந்துவரும் யூத ஆலயக் கட்டடங்களுள் மிகப் பழமையானது இதுவே. உள்ளே காலடி வைத்ததும் தரை நழுவும். தரை முழுவதும் மணல். ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய ஐபீரிய நாடுகளில் கத்தோலிக்கத் திருச்சபையின் சமய விசாரணைக்கு அஞ்சி ஒளிந்து வழிபட்ட முன்னோர்கள், காலடி ஓசை வெளியே கேட்காதபடி தரையில் மணல் பரப்பினார்கள் என்பது ஒரு விளக்கம். எகிப்திலிருந்து வெளியேறிய பழங்கால யூதர்கள் அலைந்த பாலைவனத்தின் நினைவு என்பது மற்றொன்று. கருமையான மரவேலைப்பாடும் தொங்கும் பித்தளை விளக்குகளும் அந்த வெண்மணலும் சேர்ந்த அமைதி, வெளியே இருக்கும் கடைத்தெருவின் இரைச்சலுக்குப் பிறகு சட்டென்று உறைக்கும். நுழைவுக் கட்டணம் உண்டு. தோள் மறைய உடுத்துவது மரியாதை. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள்; ஞாயிறும் பார்வையாளர்களுக்கு மூடியே இருக்கும் என்று கொண்டு திட்டமிடுங்கள்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் மிதக்கும் சந்தை. வெனிசுலாவிலிருந்து படகில் காய்கறியும் மீனும் கொண்டுவந்து, படகையே கடையாக்கி விற்றுவந்த இடம். 2019-இல் வெனிசுலா இந்தத் தீவுகளுடனான எல்லையை மூடியபின் அந்தப் படகு வாழ்க்கை சிதைந்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். கடைத்தெருவின் நகைக் கடைகளையும் வாசனைத் திரவியக் கடைகளையும் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவை எல்லாக் கரீபியன் துறைமுகங்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

பன்னிரண்டு மணி: பிளாசா பியூவில் சாப்பாடு

வட்டமான பெரிய சந்தைக் கட்டடத்துக்கு அருகே, ‘பழைய சந்தை’ என்று பொருள்படும் பிளாசா பியூ இருக்கிறது. பெரிய கூரையின்கீழ் வரிசையாக அடுப்பங்கரைகள். எதிரே நீண்ட மேசைகளும் பெஞ்சுகளும். அலுவலக ஊழியரும் கூலித் தொழிலாளரும் சுற்றுலாப் பயணியும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பன்னிரண்டரைக்குமேல் இடம் கிடைப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும்.

எந்தச் சமையல்காரம்மாவின் முன்னால் உள்ளூர்க் கூட்டம் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். கப்ரிட்டு ஸ்டோபா என்று கேட்டால், எலும்போடு மெதுவாக வேகவைத்த ஆட்டுக்கறிக் குழம்பு கிடைக்கும்; காரம் நம் நாக்குக்குக் குறைவு, ஆனால் கறி விரலால் தொட்டாலே பிரியும். அதோடு வரும் ஃபுஞ்சி என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களியேதான். தட்டில் கவிழ்த்துவைத்த அந்தக் களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொள்ள உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசையில் இருக்கும் வெங்காயம் ஊறிய மிளகாய்ச் சாற்றைத் துளித்துளியாகத் தொட்டுப் பாருங்கள். காரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. யுவானா என்று எழுதியிருந்தால் அது உடும்பு போன்ற பல்லியினமான இகுவானாவின் சூப். கடுஷி என்பது கள்ளிச்செடிச் சூப், கொழகொழப்பாக இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஃபுஞ்சி, பொரித்த நேந்திரங்காய், சாலட் ஆகியவை கிடைக்கும். தட்டைப்பயறு கலந்த தூத்து என்னும் களியில் சில வீடுகளில் உப்பிட்ட இறைச்சி சேர்ப்பார்கள். கடுஷியிலும் இறைச்சியோ மீனோ இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடலில் குளித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு

அப்படியானால் நகரின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். புண்டாவிலிருந்து சில கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கும் மாம்போ கடற்கரைக்கு டாக்ஸியில் கால்மணி நேரம் போதும். ஆலயத்தை முடித்துக்கொண்டு பத்தரைக்குக் கிளம்பினால், குளித்துச் சாப்பிட்டு இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம். தீவின் மேற்கு முனையிலுள்ள கெனெபா கிராண்டி கடற்கரை இதைவிடப் பல மடங்கு அழகானது. நீரின் நிறத்தை நம்பவே கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு வழிப் பயணமே ஒரு மணி நேரத்தை நெருங்கும். அங்கே போவதென்றால் காலையில் நேராகப் போங்கள். நகரத்தைப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்தக் கரைக்கு மேலே இருக்கும் பண்ணையில்தான் 1795 ஆகஸ்ட் 17 அன்று தூலா என்பவரின் தலைமையில் அடிமைகள் வேலை செய்ய மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதை நினைவில் கொண்டு அந்த மணலில் நடக்கலாம்.

டாக்ஸிகளின் எண் பலகையில் ‘டி எக்ஸ்’ என்ற எழுத்துகள் இருக்கும், மீட்டர் இருக்காது. ஏறும் முன்பே மொத்தக் கட்டணமா, தலைக்கா, டாலரா, கில்டரா என்று நான்கையும் பேசி முடியுங்கள். திரும்பும் நேரத்துக்கு அதே ஓட்டுநரை வரச்சொல்லி, பணத்தைத் திரும்பிவந்தபின் கொடுப்பது நல்லது. நீல நிற குராசோ மதுவின் ஆலையைப் பார்க்கப் பலர் போகிறார்கள். ஸ்பானியர் கொண்டுவந்த வாலென்சியா ஆரஞ்சு, இந்த வறண்ட மண்ணில் வாயில் வைக்க முடியாத கசப்புக் கனியாக மாறியது. லாராஹா என்னும் அந்தக் கனியின் உலர்ந்த தோலிலிருந்துதான் மதுவுக்கு மணம் வருகிறது, நீலம் வெறும் சாயம். இவ்வளவு தெரிந்துகொண்டால், நேரம் குறைந்தவர்கள் ஆலையைத் தவிர்த்துவிடலாம்.

ஒன்றரை மணிக்குமேல்: கப்பல் கரை

ஒன்றரைக்கெல்லாம் பாலத்தைக் கடந்து ஓத்ரோபண்டாவுக்கு வந்துவிடுங்கள். இரண்டு மணிக்குமேல் சூரியன் மேற்கே சாயத் தொடங்கும். ஹாண்டெல்ஸ்காடேயின் முகப்புகள் முழு வெளிச்சத்தில் நிற்கும். காலையில் எடுக்காமல் விட்ட படத்தைப் பிரியோன் சதுக்கத்தின் கரையிலிருந்து இப்போது எடுக்க வேண்டும். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால், வண்ணங்கள் எதிரே, அவற்றின் பிம்பம் தண்ணீரில். பிறகு சதுக்கத்தின் பின்னே இருக்கும் சந்துகளில் நுழையுங்கள். புண்டா நேர்க்கோட்டுத் தெருக்களால் ஆனது. ஓத்ரோபண்டா அப்படியில்லை, வளைந்து ஏறி இறங்கும் சந்துகளும், சுவரோவியங்களும், பாதி பழுதுபார்த்த பாதி இடிந்த வீடுகளுமாக இருக்கும். மக்கள் நடமாட்டம் உள்ள தெருக்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கால் வலித்தால் 1828-இல் கட்டிய ரிஃப் கோட்டையின் மதில்மேல் உட்காரலாம்; அங்கிருந்து கடலும் கால்வாயின் வாயும் ஒருசேரத் தெரியும்.

மூன்றரைக்குக் கப்பலை நோக்கி நடங்கள். வாங்கிய மது பாட்டிலைப் பல கப்பல்களில் வாசலிலேயே பெற்றுக்கொண்டு பயணத்தின் கடைசி நாளில் திருப்பித் தருவார்கள்; ரசீது வாங்க மறக்காதீர்கள். கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டையும் பெரிய சங்கையும் விட்டுவிட்டு வருவதே உத்தமம். சுங்கத்தில் சிக்கல் வரும். கப்பலேறியதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் அலைவரிசையோடு தானாக இணைந்துகொண்ட கைப்பேசி போடும் ரோமிங் பில், பல நேரம் அந்த நாளின் மொத்தச் செலவையும் மிஞ்சிவிடும்.

எவ்வளவு கவனித்தும் கப்பல் போய்விட்டால், முதலில் அழைக்க வேண்டியது பையில் மடித்து வைத்த தாளிலுள்ள துறைமுக முகவரை. வராத பயணியின் பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்திலிருந்து எடுத்து முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. அடுத்த துறைமுகம் வரை செல்லும் விமானச் செலவும் தங்கும் செலவும் உங்களுடையவை.

உங்கள் கப்பல் மாத்தே துறையில் நிற்பதாக இருந்தால், ஐந்து மணிக்கு மேல்தளத்துக்குப் போய் இடப்பக்கக் கம்பியருகே இடம் பிடியுங்கள். புண்டா முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் கடந்துபோகும். மணி அடிக்கும், நீலக் கொடி ஏறும், பாலம் விலகிக் கரையோடு ஒட்டிக்கொள்ளும். மாலையில் வேலை முடித்து அக்கரைக்குப் போக வேண்டியவர்கள், உங்கள் கப்பல் நகர்ந்து முடியும்வரை, கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.